அலபாமா: 381 நாள் பேருந்தில் ஏறாத ஊர் வேலைக்குப் போனது எப்படி?

கரிசல்மண்:
அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள் 1955-56இல் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு பற்றித் தமிழில் கிடைப்பதெல்லாம் மூன்று வரிதான். ரோசா பார்க்ஸ் எழ மறுத்தார், மார்ட்டின் லூதர் கிங் பேசினார், சட்டம் மாறியது. நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. ஊரின் மறுகோடியில் வீட்டு வேலை செய்த பெண்கள் தினமும் எப்படிப் போய்த் திரும்பினார்கள்? வண்டி யாருடையது? பெட்ரோலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? நகர நிர்வாகத்தால் அதை ஏன் முதல் வாரத்திலேயே முடக்க முடியவில்லை? கடைசியில் ஜெயித்தது புறக்கணிப்பா, வழக்கா? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். அலபாமாவின் மற்ற ஊர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பழஞ்சுவடி:
பேருந்துக்குள் என்ன விதி இருந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். அது புரியாமல் மற்றது புரியாது.

வண்டியில் 36 இருக்கைகள். முன்பக்கம் 10 வெள்ளையருக்கு. வெள்ளையர் ஒருவர்கூட ஏறாவிட்டாலும் அவை காலியாகவே போகும், பின்னால் கறுப்பின மக்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். நடுப்பகுதியில் ஓட்டுநர் வைத்ததுதான் சட்டம். நகரச் சட்டமே அவருக்குப் போலீஸ் அதிகாரம் கொடுத்திருந்தது. ஒரே வரிசையில் இரண்டு நிறத்தாரும் உட்காரக் கூடாது. அதனால் ஒரு வெள்ளையருக்கு இடம் வேண்டுமானால் அந்த வரிசையில் இருக்கும் 4 பேரும் எழ வேண்டும். 1955 டிசம்பர் 1, வியாழன் மாலை நடந்தது இதுதான். பார்க்ஸ் வெள்ளையர் இருக்கையில் போய் உட்காரவில்லை. நடுப்பகுதியின் முதல் வரிசையில் இருந்தார். மூன்று பேர் எழுந்தார்கள், அவர் எழவில்லை.

இன்னொரு கொடுமை, முன்வாசலில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, இறங்கி, பின்வாசல் வழியாக மறுபடி ஏற வேண்டும். சில ஓட்டுநர்கள் அந்த இடைவெளியில் வண்டியைக் கிளப்பிப் போய்விடுவார்கள். கறுப்பர் வசிக்கும் தெருக்களில் ஒரு முனை விட்டு ஒரு முனையில்தான் நிறுத்துவார்கள். இதையெல்லாம் ஜோ ஆன் ராபின்சன் 1954 மே 21 அன்றே நகர மேயருக்குக் கடிதமாக எழுதியிருந்தார். அவர் அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியை, பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவி. பயணிகளில் நான்கில் மூன்று பங்கு கறுப்பர்கள், அவர்கள் ஏறாவிட்டால் பேருந்து ஓடாது என்று கடிதத்திலேயே சொல்லிவிட்டார். அதாவது பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே திட்டம் இருந்தது.

நிலவழகி:
அந்த வியாழன் இரவைப் பற்றி நான் சொல்கிறேன். கைது செய்தி எட்டியதும் ராபின்சன் நள்ளிரவில் கல்லூரிக்குப் போய், சக ஆசிரியர் ஒருவரையும் தன் மாணவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு சைக்ளோஸ்டைல் மிஷினை ஓட்டினார். ஒரு தாளில் ஒரே செய்தி மூன்று தடவை வரும்படி ஸ்டென்சில் வெட்டினார்கள். அச்சானதும் மூன்றாக நறுக்கிக் கட்டுக் கட்டாக அடுக்கினார்கள். தாள் மூன்றில் ஒரு பங்கு போதும், நேரமும் அப்படியே. விடிவதற்குள் பல்லாயிரம் துண்டறிக்கைகள் தயார். எந்தத் தெருவுக்கு யார், எந்தப் பள்ளிக்கு யார் என்ற விநியோகப் பட்டியலை மன்றத்துப் பெண்கள் மாதக்கணக்கில் முன்பே போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பள்ளி, அழகு நிலையம், மதுக்கடை, தொழிற்சாலை வாசல் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அரசுக் கல்லூரியின் தாளும் மிஷினும் என்பதால் வேலை போகும் ஆபத்து அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அறிக்கையில் பெயர் இல்லை.

அறிக்கை திங்கட்கிழமை ஒரே ஒரு நாளுக்குத்தான் அழைத்தது. ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் நாளிதழ் அதை முதல் பக்கத்தில் போட்டது, கைக்குக் கிடைக்காதவர்களும் படித்துவிட்டார்கள். மிரட்டி ஏறவிடாமல் தடுப்பார்கள் என்று சொல்லி நகரப் போலீஸ் திங்கள் காலை பேருந்துகளுக்குப் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்தது. அதைப் பார்த்து, தயங்கி நின்ற சிலரும் ஏறாமல் ஒதுங்கினார்கள்.

வைகைக்கரை:
போக்குவரத்து ஏற்பாட்டுக்கு வருகிறேன். கேள்வியின் மையம் அதுதான்.

முதல் சில நாள் கறுப்பர் நடத்திய டாக்ஸிகள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றிச் சென்றன. நகரச் சட்டப்படி டாக்ஸியின் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட். போலீஸ் கமிஷனர் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்ததும் அந்த வழி அடைபட்டது. கிங் உடனே லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் இருந்த பாதிரியார் டி. ஜே. ஜெமிசனுக்குப் போன் போட்டார். 1953 ஜூனில் அங்கே ஒரு பேருந்துப் புறக்கணிப்பு நடந்து, சொந்தக் கார்களை வைத்து ஆட்களை ஏற்றியிருந்தார்கள். ஜெமிசன் சொன்ன அனுபவம்தான் மாண்ட்கோமரிக்கு அடிப்படை.

சர்ச் கூட்டத்தில் கேட்டபோது முதல் இரவே 150க்கு மேற்பட்டோர் கார் தருவதாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பிறகு சுமார் 300 வண்டிகள். சில நாளில் காலையில் ஏறுவதற்கு 48 நிலையங்கள், மாலையில் திரும்ப 42 நிலையங்கள் என்று வரைபடமே தயாராகிவிட்டது. காலை நிலையங்கள் பெரும்பாலும் கறுப்பர் குடியிருப்புகளில், சர்ச் வாசல்களில் இருந்தன. மாலை நிலையங்கள் வேலை செய்யும் பகுதிகளில். வரைபடம் போட உதவியவர்கள் தபால்காரர்கள். எந்தத் தெருவில் எத்தனை வீடு, எந்தச் சந்து எங்கே முடிகிறது என்று ஊரிலேயே அவர்களுக்குத்தான் அத்துப்படி. நகர மையத்தில் கறுப்பர் ஒருவருக்குச் சொந்தமான கார் நிறுத்துமிடம் வண்டி மாறும் இடமானது. அதை நகராட்சி கைவைக்க முடியாது. இந்தக் குழுவை முதலில் நடத்தியவர் ரூஃபஸ் லூயிஸ்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காரில் ஏறியவரிடம் காசு வாங்கினால் அது லைசென்ஸ் இல்லாத டாக்ஸி ஆகிவிடும். அதனால் வண்டியில் ஒரு சென்ட்கூட வாங்கவில்லை. திங்கள், வியாழன் இரவுகளில் சர்ச்சுகளில் நடந்த கூட்டங்களில் காணிக்கையாகப் போட்டார்கள். ஓட்டியவர்களுக்குப் பெட்ரோலும் பழுதுச் செலவும் புறக்கணிப்பை நடத்திய மாண்ட்கோமரி முன்னேற்றச் சங்கம் தந்தது. வெளியூர்களிலிருந்து நன்கொடை வரத் தொடங்கியதும் ஸ்டேஷன் வேகன்கள் வாங்கினார்கள், ஒவ்வொன்றும் ஒரு சர்ச்சின் பெயரில் பதிவு. வண்டியின் பக்கவாட்டில் சர்ச் பெயர் எழுதியிருக்கும். மக்கள் அவற்றை ‘உருளும் சர்ச்’ என்றே அழைத்தார்கள்.

நிலவழகி:
வைகைக்கரை சொன்ன காணிக்கையில் ஒரு பகுதி அடுப்படியிலிருந்து வந்தது, அதை விட்டுவிடக் கூடாது. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் சில பெண்களைச் சேர்த்து, கோழி பொரித்து, பை, கேக் சுட்டு, அழகு நிலையங்களிலும் வீடு வீடாகவும் விற்றார். வாங்கியவர்களில் வெள்ளையரும் உண்டு. குழுவின் பெயர் ‘எங்கிருந்தும் வராத சங்கம்’. பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்று பொய் பேசாமலே சொல்லலாம். கொடுத்தவர் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்ற நிலையில் அந்தப் பெயர் ஒரு பூட்டு. ஊரின் இன்னொரு பக்கத்தில் ஐனஸ் ரிக்ஸ் இன்னொரு குழு தொடங்கினார். எந்தக் குழு அதிகம் திரட்டியது என்று கூட்டத்தில் அறிவிக்க, இரண்டு பக்கமும் கைதட்டல் எழும். கில்மோருக்கு வேலை போனது. தன் வீட்டுச் சமையலறையையே சாப்பாட்டுக் கடையாக்கினார்.

வெள்ளைக்கார வீட்டுப் பெண்கள் பலர் தங்கள் வேலைக்காரப் பெண்களைத் தாங்களே காரில் போய் அழைத்து வந்தார்கள். புறக்கணிப்பு நீள்வதற்கு இதுவும் காரணம் என்று மேயர் பகிரங்கமாகக் கண்டித்தார். அவர்கள் நிறுத்தவில்லை. வீட்டு வேலை நின்றுபோகும் என்பதுதான் பலருக்குக் காரணம், அனுதாபம் சிலருக்கு.

செங்காந்தள்:
> நகர நிர்வாகத்தால் அதை ஏன் முதல் வாரத்திலேயே முடக்க முடியவில்லை?

முடக்கப் பார்த்தார்கள், ஒன்று மாற்றி ஒன்று. ஒவ்வொன்றிலும் எங்கே சறுக்கினார்கள் என்று பார்த்தால்தான் ஏற்பாட்டின் வலு தெரியும்.

டாக்ஸிக் கட்டணம் பற்றி மேலே வந்துவிட்டது. அடுத்து 1956 ஜனவரியில் போக்குவரத்து அபராதங்கள். ராபின்சனுக்கே சீட்டு மேல் சீட்டு வந்தது. கிங்கை ஜனவரி 26 அன்று பிடித்துச் சிறையில் வைத்தார்கள்: 25 மைல் வேகப் பகுதியில் 30 மைல் போனாராம். அதே மாதம் ஒரு பொய்ச் சமரசம். மூன்று கறுப்பினப் பாதிரியார்கள் ஒப்புக்கொண்டார்கள், புறக்கணிப்பு முடிந்தது என்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வர ஏற்பாடு செய்தார்கள். சனி இரவே மினியாபொலிஸிலிருந்து கார்ல் ரோவன் என்ற பத்திரிகையாளர் கிங்கைக் கூப்பிட்டு இது உண்மையா என்று கேட்க, விஷயம் உடைந்தது. தலைவர்கள் அந்த இரவே மதுக்கடைகள், இரவு விடுதிகள் என்று ஏறி இறங்கிச் செய்தி பொய் என்று சொன்னார்கள். காலையில் எல்லா சர்ச்சுகளிலும் அறிவிப்பு. திங்களன்று பேருந்து வழக்கம்போல் காலியாக ஓடியது.

ஜனவரி 30 இரவு கிங் வீட்டில் குண்டு. இரண்டு நாள் கழித்து உள்ளூர் கறுப்பினத் தலைவர் ஈ. டி. நிக்சன் வீட்டில்.

பிப்ரவரி 21 அன்று 1921ஆம் ஆண்டுப் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து 89 பேர்மேல் குற்றப்பத்திரிகை. வீட்டுக்கு வந்து பிடிக்கும்வரை காத்திருக்காமல் அவர்களே நல்ல உடை உடுத்தி ஷெரிஃப் அலுவலகத்துக்கு நடந்து போய் ‘என்னைத் தேடுகிறீர்களா?’ என்று கேட்டார்கள். கைதுக்குப் பயப்படுவார்கள் என்ற கணக்கு அன்றோடு போயிற்று. விசாரணைக்கு வந்தது கிங் ஒருவரின் வழக்குதான். 500 டாலர் அபராதம், 500 டாலர் கோர்ட் செலவு. ஆனால் அந்த வழக்கால் உலகப் பத்திரிகைகள் மாண்ட்கோமரிக்கு வந்தன, நன்கொடையும் கூடியது.

உண்மையில் கார் ஏற்பாட்டை உலுக்கியது இன்சூரன்ஸ். ஸ்டேஷன் வேகன்களின் பாலிசியை நிறுவனங்கள் அடுத்தடுத்து ரத்து செய்தன. இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓடினால் போலீஸுக்கு அதுவே போதும். அட்லாண்டாவில் இருந்த கறுப்பின இன்சூரன்ஸ் ஏஜெண்ட் டி. எம். அலெக்சாண்டர் மூலம் லண்டன் லாய்ட்ஸில் பாலிசி வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. உள்ளூர் அழுத்தம் லண்டனில் செல்லாது.

கரிசல்மண்:
அருமை. எத்தனை நாள் என்பதில் ஒரு சந்தேகம். சில இடத்தில் 381, சில இடத்தில் 382 என்று வருகிறதே?

பழஞ்சுவடி:
1955 டிசம்பர் 5 முதல் 1956 டிசம்பர் 20 வரை. 1956 லீப் வருஷம். முதல் நாளை விட்டுவிட்டு எண்ணினால் 381, இரு முனையும் சேர்த்தால் 382. இரண்டும் ஒரே காலம்தான்.

ஜெயித்தது புறக்கணிப்பா வழக்கா என்று கேட்டீர்கள். சட்டத்தை உடைத்தது வழக்கு. அந்த வழக்கில் ரோசா பார்க்ஸ் வாதி அல்ல. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

பார்க்ஸுக்கு 10 டாலர் அபராதம், 4 டாலர் செலவு. அவர் மேல்முறையீடு செய்தார். ஆனால் அது குற்றவியல் வழக்கு, மாநில நீதிமன்றங்களின் வழியேதான் ஏற வேண்டும். அலபாமா நீதிபதிகள் அதை எத்தனை காலம் வேண்டுமானாலும் கிடப்பில் போடலாம், இனப்பிரிவினை சரியா தவறா என்று தொடாமலே தள்ளிவிடலாம். புறக்கணிப்பு முடிந்த பிறகு, 1957இல், அப்படித்தான் தள்ளுபடியும் ஆனது. வழக்கறிஞர் ஃப்ரெட் கிரே இதை முன்கூட்டியே கணித்தார். அப்போது அவருக்கு வயது 25. 1956 பிப்ரவரி 1 அன்று ஃபெடரல் நீதிமன்றத்தில் தனி சிவில் வழக்கு போட்டார். பிரவுடர் எதிர் கெய்ல் (கெய்ல் என்பவர் நகர மேயர்). வாதிகளாக நின்று தீர்ப்புவரை வந்தவர்கள் நான்கு பெண்கள்: ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித். கால்வின் பார்க்ஸுக்கு 9 மாதம் முன்பு, 15 வயதில், அதே காரணத்துக்காகக் கைதானவர். ஐந்தாவதாகச் சேர்ந்த பெண் மிரட்டலால் விலகிக்கொண்டார். அதை வைத்து, அனுமதியில்லாமல் வழக்குப் போட்டார் என்று கிரே மீதே குற்றச்சாட்டு.

மாநிலச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணா என்ற கேள்வியை எழுப்பினால் அன்றைய விதிப்படி மூன்று நீதிபதி கொண்ட ஃபெடரல் அமர்வு கூட வேண்டும். அங்கிருந்து மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றம், நடுவில் படிக்கட்டு இல்லை. ஜூன் 5 அன்று 2க்கு 1 என்று தீர்ப்பு. நீதிபதிகள் ஃப்ராங்க் ஜான்சன், ரிச்சர்ட் ரைவ்ஸ் பெரும்பான்மை. நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மனு போட்டதிலிருந்து பத்தே மாதத்துக்குள்.

செங்காந்தள்:
பழஞ்சுவடி சொல்வது சரி, ஆனால் வழக்கு மட்டும் போதும் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. புறக்கணிப்பு தொடங்கியபோது வைத்த மூன்று கோரிக்கைகளைப் பாருங்கள்: ஓட்டுநர்கள் மரியாதையாக நடக்க வேண்டும், கறுப்பர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் வந்த வரிசைப்படி உட்கார வேண்டும், கறுப்பர் அதிகம் போகும் வழித்தடங்களில் கறுப்பின ஓட்டுநர் வேண்டும். பிரிவினையை ஒழி என்ற கோரிக்கையே அதில் இல்லை. இந்தச் சின்ன விஷயத்தைக்கூட நிர்வாகம் மறுத்து, வீட்டில் குண்டும் வெடித்த பிறகுதான் முழுச் சட்டத்தையும் எதிர்த்து வழக்கு வந்தது. நான்கு பெண்கள் சாட்சிக் கூண்டில் நிற்கும் துணிவு, 50,000 பேர் சேர்ந்து நடக்கும் ஊரில்தான் வரும்.

அந்த நவம்பர் 13 அன்று இன்னொன்றும் நடந்தது. கார் ஏற்பாடு லைசென்ஸ் இல்லாத வியாபாரம், பொதுத் தொல்லை என்று நகராட்சி மாநில நீதிமன்றத்தில் தடை கேட்டிருந்தது. விசாரணையின் நடுவில் செய்தியாளர் ஒருவர் கிங்கிடம் ஒரு தாளை நீட்டினார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு! ஆனாலும் மாநில நீதிபதி அன்றே கார்களுக்குத் தடை போட்டார். உச்ச நீதிமன்ற ஆணை ஊருக்கு வந்து சேர்ந்தது டிசம்பர் 20. இடையில் 5 வாரத்துக்கு மேல் பேருந்தும் இல்லை, ஏற்பாட்டுக் காரும் இல்லை. அக்கம்பக்கத்தார் தயவிலும் நடந்தும் சமாளித்தார்கள். என்னைக் கேட்டால் அந்த ஐந்து வாரம்தான் எல்லாவற்றிலும் கடினமானது.

நிலவழகி:
அந்த ஐந்து வாரத்தில் அவர்கள் செய்த பயிற்சி முக்கியம். சர்ச்சில் நாற்காலிகளைப் பேருந்துபோல வரிசையாகப் போட்டு, ஒருவர் ஓட்டுநர், சிலர் வெள்ளைப் பயணிகள், சிலர் கறுப்பினப் பயணிகள் என்று நடித்துப் பழகினார்கள். திட்டினால் என்ன செய்வது, தள்ளினால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக. டிசம்பர் 19 அன்று ஒரு தாளில் யோசனைகள் அச்சிட்டுக் கொடுத்தார்கள். வேறு இடம் இருக்கும்போது வேண்டுமென்றே வெள்ளையர் பக்கத்தில் போய் உட்காராதே. பக்கத்தில் உட்காரும்போது, யாராக இருந்தாலும், ‘உட்காரலாமா?’ என்று கேள். திட்டினால் திருப்பித் திட்டாதே, அடித்தால் திருப்பி அடிக்காதே. தொல்லை என்றால் இருக்கையை விட்டு எழாதே, ஓட்டுநரிடம் சொல்.

பிறகும் அமைதி வந்துவிடவில்லை. பேருந்துகள்மேல் துப்பாக்கிச் சூடு, கர்ப்பிணிப் பெண் ஒருவருக்குக் காலில் குண்டு. 1957 ஜனவரி 10 அன்று ஒரே இரவில் நான்கு சர்ச்சுகளிலும் இரண்டு பாதிரியார் வீடுகளிலும் வெடிகுண்டு.

தாமரைக்குளம்:
காந்தி தாக்கம் தொடக்கத்திலேயே இருந்ததா, பிறகு ஒட்டவைத்ததா?

பழஞ்சுவடி:
முதல் வாரத்தில் அவர்கள் பேச்சில் இருந்தது இயேசுவின் மலைப் பிரசங்கம்தான். ஆனால் புறக்கணிப்பு தொடங்கி ஒரு வாரத்தில், டிசம்பர் 12 அன்று, ஜூலியட் ஹாம்ப்டன் மார்கன் என்ற வெள்ளை நூலகர் உள்ளூர் நாளிதழுக்கு எழுதிய கடிதம் இதைக் காந்தியின் உப்பு யாத்திரையோடு ஒப்பிட்டது. கடிதம் எழுதியதற்காக அவர் பட்ட துன்பம் பெரிது. பயிற்சியாக, முறையாக அகிம்சை வந்தது 1956 பிப்ரவரியில் அகிம்சைப் போராட்ட அனுபவசாலிகளான பேயார்ட் ரஸ்டினும் பிறகு கிளென் ஸ்மைலியும் வந்த பிறகு. அதுவரை குண்டுவெடிப்புக்குப் பயந்து கிங் வீட்டில் துப்பாக்கியோடு காவல் இருந்தது.

வைகைக்கரை:
மாநில அரசு தன் பங்குக்கு என்ன செய்தது என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் தலைப்பு அலபாமா.

1956 ஜூன் 1 அன்று அட்டர்னி ஜெனரல் ஜான் பேட்டர்சன், கறுப்பர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் மாநிலத்தில் இயங்கவே தடை வாங்கினார். வெளிமாநில நிறுவனமாகப் பதிவு செய்யவில்லை என்பது சாக்கு. பிறகு உறுப்பினர் பட்டியலைக் கொடு என்றது நீதிமன்றம். சங்கம் மற்ற ஆவணங்களைத் தர முன்வந்தது, சாதாரண உறுப்பினர்களின் பெயர்களை மட்டும் தர மறுத்தது. பெயர் வெளியானால் வேலையும் வீடும் போகும், உயிரும் போகலாம். அதற்கு 10,000 டாலர் அபராதம், ஐந்து நாளில் அது 100,000. 1958 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: பெயரை மறைத்துச் சேரும் உரிமை இல்லாமல் சங்கம் சேரும் உரிமை இல்லை. இருந்தும் மாநில நீதிமன்றங்கள் இழுத்தடித்தன. வழக்கு நான்கு முறை உச்ச நீதிமன்றம் போய், 1964இல்தான் சங்கம் திரும்ப வர முடிந்தது. முழுதாக எட்டு ஆண்டு.

தடை வந்து நான்கே நாளில், ஜூன் 5 அன்று, பர்மிங்ஹாமில் பாதிரியார் ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த் அலபாமா கிறிஸ்தவ மனித உரிமை இயக்கத்தைத் தொடங்கினார். உள்ளூர் இயக்கம், தலைமையகம் வெளியில் இல்லை, அந்தச் சட்டம் தொடாது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் இரவு அவர் படுத்திருந்த கட்டிலுக்கு அடியில் வெடிகுண்டு வெடித்து வீடு சரிந்தது. அவர் எழுந்து நடந்து வந்தார். மறுநாளே ஆட்களோடு பர்மிங்ஹாம் பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

செங்காந்தள்:
பர்மிங்ஹாம் சட்டப் புத்தகத்தில் 369ஆம் பிரிவைப் படித்தால் அந்த ஊர் கண்முன் வரும். ஒரே அறையில் வெள்ளையரும் கறுப்பரும் சாப்பிடும் இடம் நடத்தக் கூடாது. நடத்த வேண்டுமானால் தரையிலிருந்து 7 அடி அல்லது அதற்கு மேல் உயரமுள்ள கெட்டித் தடுப்பு வேண்டும், தெருவிலிருந்து தனித்தனி வாசல் வேண்டும். 597ஆம் பிரிவு சீட்டு, தாயம், டாமினோ, செக்கர்ஸ் எல்லாம் சேர்ந்து ஆடுவதைத் தடுத்தது.

1963 ஏப்ரலில் அங்கே நடந்த போராட்டத்தில் சட்டரீதியாக ஒரு கண்ணி இருந்தது. ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டார்கள், போலீஸ் கமிஷனர் புல் கானர் மறுத்தார். ஏப்ரல் 10 அன்று மாநில நீதிபதி தடையாணை போட்டார். 12 அன்று, புனித வெள்ளியில், அதை மீறி நடந்து கிங் கைதானார். இரண்டு வழக்கு வந்தது. அனுமதிச் சட்டத்தை மீறியதற்கான வழக்கில் 1969இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது. ஆனால் தடையாணையை மீறியதற்கான வழக்கில், 1967இல், 5க்கு 4 என்று தண்டனை உறுதியானது. ஆணை தவறாக இருந்தாலும் முதலில் நீதிமன்றம் போய் நீக்க வேண்டும், மீறிவிட்டு வரக் கூடாது என்பது காரணம். அதே ஊர்வலம்தான், அதற்காக கிங் 1967இல் மறுபடி சிறை போனார். சட்டத்தை மீறுவதற்கும் நீதிமன்ற ஆணையை மீறுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அலபாமா அதிகாரிகள் நன்றாகத் தெரிந்து பயன்படுத்தினார்கள்.

மே 2 முதல் பள்ளிப் பிள்ளைகள் நடந்ததற்குக் காரணம் கேட்பார்கள். பெரியவர் சிறைக்குப் போனால் வேலையும் குடும்ப வருமானமும் போகும். பிள்ளைகளுக்கு அது இல்லை. 16ஆவது தெரு பாப்டிஸ்ட் சர்ச்சிலிருந்து அணி அணியாக வெளியே வந்தார்கள். சிறை நிரம்பி, பொருட்காட்சித் திடலில் அடைத்தார்கள். மறுநாள்தான் நாய்களும் தண்ணீர்ப் பீய்ச்சலும். இரண்டு குழாய்களின் நீரை ஒரே முனையில் சேர்க்கும் முக்காலிக் கருவி, மரப்பட்டையை உரிக்கும் வேகம், அதைப் பிள்ளைகள்மேல் திருப்பினார்கள். செப்டம்பர் 15 அன்று அதே சர்ச்சில் வெடித்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் மூவருக்கும் 14 வயது. டெனிஸ் மெக்நேர் 11. முதல் தண்டனை 1977இல், கடைசித் தண்டனை 2002இல்.

தாமரைக்குளம்:
வாக்காளர் பதிவை எப்படித் தடுத்தார்கள்? படிப்பறிவுத் தேர்வு என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

வைகைக்கரை:
தேர்வு ஒரு படிதான். வரிசையாகப் பாருங்கள்.

1901 மாநில சாசனம் வாக்களிக்கத் தலைவரி வைத்தது, ஆண்டுக்கு 1.50 டாலர். கட்டாத ஆண்டுகள் சேர்ந்துகொண்டே போகும். 45 வயதில் முதன்முறை வந்தவர் 36 டாலர் கட்ட வேண்டும். 1953இல்தான் இரண்டு ஆண்டு நிலுவைக்கு மேல் கிடையாது என்று குறைத்தார்கள். அடுத்து அலுவலக நேரம். செல்மா நகரம் இருக்கும் டல்லஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) பதிவு அலுவலகம் மாதம் இரண்டே திங்கட்கிழமை திறக்கும். 1963 அக்டோபர் 7 அன்று சுமார் 350 பேர் வரிசையில் நின்றார்கள். தண்ணீருக்கோ கழிப்பறைக்கோ வரிசையை விட்டால் திரும்ப நிற்க முடியாது. தண்ணீரும் சாண்ட்விச்சும் கொண்டு போன இரண்டு இளைஞர்களை அடித்துக் கைது செய்தார்கள். உள்ளே போனவர் சிலரே. உள்ளே போனாலும் நீண்ட படிவம், ஒரு கட்டம் விட்டுப்போனால் நிராகரிப்பு. ஏற்கெனவே வாக்காளராக இருக்கும் ஒருவர் சான்று சொல்ல வேண்டும். கறுப்பின வாக்காளரே இல்லாத கவுண்டியில் யார் சொல்வது? 1961இல் டல்லஸ் கவுண்டியில் வாக்குரிமை வயதுள்ள கறுப்பர்கள் சுமார் 15,000, பதிவானவர்கள் 156.

ஃபெடரல் அரசு வழக்குப் போட்டது 1961 ஏப்ரலில். நான்கு ஆண்டு கழித்து, 1965 பிப்ரவரியில்தான் நாளுக்குக் குறைந்தது 100 விண்ணப்பம் பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாண்ட்கோமரியில் நீதிபதி ஜான்சன் கண்டுபிடித்த வழி பயன்பட்டது: இதுவரை எவ்வளவு குறைந்த தகுதியுள்ள வெள்ளையரைப் பதிவு செய்தீர்களோ அதே அளவுகோலில் கறுப்பரையும் பதிவு செய்யுங்கள். ஆனால் கவுண்டி கவுண்டியாக வழக்குப் போட்டால் ஒரு தலைமுறை போய்விடும். அதைக் காட்டத்தான் 1965 செல்மா ஊர்வலம்.

நிலவழகி:
செல்மாவில் மார்ச் 7 அன்று ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்தது எல்லாருக்கும் தெரியும். மார்ச் 21 முதல் 25 வரை மாண்ட்கோமரிக்கு 54 மைல் நடந்த ஏற்பாடு தெரியாது. நீதிபதி ஜான்சன் அனுமதி தரும்முன் முழுத் திட்டத்தையும் எழுத்தில் கேட்டார்: எங்கே தங்குவது, சாப்பாடு, கழிப்பறை வண்டி, மருத்துவம். லவுண்ட்ஸ் கவுண்டியில் சாலை இருவழியாகக் குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார். அதனால் ஆயிரக்கணக்கில் கிளம்பியவர்களில் 300 பேர் தவிர மற்றவர்கள் திரும்பி, கடைசிக் கட்டத்தில் மறுபடி சேர்ந்தார்கள். மாண்ட்கோமரியில் 25,000 பேர்.

சமையல் செல்மாவில் சர்ச்சில். அத்தனை பேருக்குப் பாத்திரம் இல்லை, புத்தம் புதிய தகரக் குப்பைத் தொட்டிகளை வாங்கி அவற்றில் ஸ்பகெட்டியை நிரப்பி லாரியில் கொண்டு போனார்கள். தங்கியது கறுப்பின விவசாயிகளின் நிலங்களில், கூடாரம் போட்டு. இடம் கொடுத்தவர்களில் ரோசி ஸ்டீல் என்ற முதிய கைம்பெண்ணும் ஒருவர். நிலம் சொந்தமாக இருந்ததால்தான் கொடுக்க முடிந்தது. குத்தகைக்கு இருந்தவர் கொடுத்திருந்தால் மறுநாள் வீட்டை விட்டு வெளியே.

பழஞ்சுவடி:
பள்ளிகளை யாரும் தொடவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். 1963 செப்டம்பரில் மேகன் கவுண்டியில், அதுவரை வெள்ளையர் மட்டும் படித்த டஸ்கீகி உயர்நிலைப் பள்ளியில் 13 கறுப்பின மாணவர்கள் சேர இருந்தார்கள். உள்ளூர் நிர்வாகம் ஒத்துக்கொண்டது. ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் மாநிலப் போலீஸை அனுப்பிப் பள்ளியை மூடினார். இதைப் பிடித்துக்கொண்டு ஃப்ரெட் கிரே வாதாடினார்: உள்ளூர்ப் பள்ளியை ஆளுநர் மூட முடியும் என்றால் கட்டுப்பாடு மாநிலத்தின் கையில், ஆகவே பிரிவினையை ஒழிக்கும் உத்தரவும் மாநிலம் முழுக்க வேண்டும். 1967 மார்ச் 22 அன்று நீதிமன்றம் ஒரே உத்தரவில் 99 பள்ளி நிர்வாகங்களைக் கட்டியது. வாலஸ் தலையிடாமல் இருந்திருந்தால் ஒவ்வோர் ஊராகப் போராடியிருக்க வேண்டும்.

கரிசல்மண்:
லவுண்ட்ஸ் கவுண்டி பெயர் வந்தது. அங்கே பிறகு என்ன ஆனது?

வைகைக்கரை:
1965 தொடக்கத்தில் அங்கே வாக்குரிமை வயதுள்ள கறுப்பர்கள் 5,000க்கு மேல், பதிவானவர் ஒருவர்கூட இல்லை. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் வந்து ஃபெடரல் அலுவலர்கள் நேராகப் பதிவு செய்யத் தொடங்கியதும் நில உரிமையாளர்கள் குத்தகைக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். அவர்கள் 80ஆம் எண் நெடுஞ்சாலையோரம் கூடாரம் போட்டு இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தார்கள்.

மாநில ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல், 1966 தொடக்கம்வரை அதன்மேல் ‘வெள்ளையர் மேலாதிக்கம்’ என்ற வாசகம். வேட்பாளர் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 500ஆக ஏற்றியிருந்தார்கள். அதனால் லவுண்ட்ஸ் கறுப்பின மக்கள் மாநிலச் சட்டத்தைப் புரட்டி, ஒரு கவுண்டிக்குள் தனிக் கட்சி தொடங்கலாம் என்ற பிரிவைக் கண்டுபிடித்தார்கள். கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தேர்தல் நாளன்றே கூட்டம் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பொதுத் தேர்தலில் 20 சதவீத வாக்கு பெற்றால் அங்கீகாரம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அடையாளம் காணச் சின்னம் கட்டாயம். அவர்கள் எடுத்தது கருஞ்சிறுத்தை. கலிபோர்னியாவில் பின்னால் வந்த கட்சிக்கு அந்தப் பெயரும் படமும் இங்கிருந்துதான் போயின. 1966 மே 3 அன்று ஹேன்வில்லில் ஒரு சர்ச் முற்றத்தில் சுமார் 900 பேர் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். நவம்பரில் ஏழு பதவிகளிலும் தோற்றார்கள், ஆனால் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். 1965இல் அங்கே முதன்முதலில் பதிவான கறுப்பினத்தவர்களில் ஒருவரான ஜான் ஹியூலெட் 1970இல் அந்தக் கவுண்டியின் ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.